ஜீவாமிர்தமும் மீன் அமிலமும்: ஓராண்டுச் செய்முறைப் பதிவு

பத்து சென்ட் காய்கறித் தோட்டத்தில் ஓராண்டாக ஜீவாமிர்தத்தையும் (சாணம், கோமியம், வெல்லம் சேர்த்து நொதிக்கவைத்த கரைசல்) மீன் அமிலத்தையும் (மீன் கழிவை வெல்லத்தில் நொதிக்கவைத்து எடுக்கும் திரவம்) நானே தயாரித்துப் பயன்படுத்தி வருகிறேன். இவற்றைத் தயாரிக்கும் முறை பலருக்கும் தெரிந்ததுதான். எந்த அளவில் என்ன பிசகியது, அது ஏன் பிசகியது, எந்தப் பாத்தியில் பலன் கண்ணுக்குத் தெரிந்தது, எதில் தெரியவே இல்லை என்பவற்றை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்; தொடங்கிய நாட்களில் நான் தேடியும் எனக்குக் கிடைக்காமல் போனவை இவைதாம்.

இயற்கை வேளாண்மையாளர் சுபாஷ் பலேக்கர் பரப்பிய ஜீவாமிர்த அளவு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ பசுஞ்சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். பத்து சென்ட்டுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு போதும் என்பதால் 20 லிட்டர் தண்ணீர், 1 கிலோ சாணம், 1 லிட்டர் கோமியம், வெல்லமும் மாவும் தலா 200 கிராம் என்று கணக்கிட்டுக்கொண்டேன். நான் எடுத்துக்கொண்டது 50 லிட்டர் டிரம்; 20 லிட்டருக்கு அது எதற்கு என்று தோன்றலாம். இரண்டாம் நாள் நுரை பொங்கும்போதும், கழியால் வேகமாகக் கலக்கும்போதும் அந்தக் காலியிடம் தேவைப்படும். டிரம்மை நிழலில் வைத்து, ஈரக் கோணிப்பையால் வாயை மூடி, காலையும் மாலையும் கலக்கினேன்.

மாவைப் போடுவதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நேராக டிரம்முக்குள் கொட்டினால் மாவு உருண்டை உருண்டையாகத் திரண்டு, வெளிப்புறம் மட்டும் நனைந்து, உள்ளே உலர்ந்தபடியே அடியில் போய்த் தங்கிவிடும். முதல்முறை அப்படித்தான் ஆயிற்று. வடிகட்டும்போது கோலிக்குண்டு அளவில் மாவுருண்டைகள் கையில் வந்தன. ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு மாவைத் தனியாக ஒரு குவளைத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்திற்குக் கரைத்து ஊற்றுகிறேன். வெல்லத்தையும் அப்படியே தூளாக்கிக் கரைத்துவிட்டுத்தான் சேர்க்கிறேன்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால் நாம் வளர்க்க நினைக்கும் நுண்ணுயிர்களையே அது கொல்லும். வாயகன்ற பாத்திரத்தில் ஓரிரவு திறந்து வைத்தால் சாதாரண குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். குளோரமின் சேர்த்துச் சுத்திகரித்த நீராக இருந்தால் இந்த உபாயம் உதவாது. அது எளிதில் ஆவியாவதில்லை. மழைநீரோ கிணற்று நீரோ கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை.

கலக்குவதை ஒரு சடங்கு என்று நினைத்து முதல் மாதம் அலட்சியமாக இருந்தேன். வெளியூர் போக வேண்டியிருந்ததால் கோடையில் ஒருமுறை இரண்டு நாட்கள் யாரும் கலக்கவில்லை. திரும்பி வந்து கோணியை விலக்கியபோது மேலே நுரையே இல்லை. நிறம் கறுத்து, சாக்கடை அடைத்துக்கொண்ட வீச்சம் அடித்தது. நன்றாக வந்த கரைசலில் முதல் நாள் சாண வாசமும், இரண்டாம் மூன்றாம் நாளில் புளித்த பழத்தின் வாசமும் இருக்கும். கலக்கும் கழியைச் சுற்றி மெல்லிய, வெளிறிய நுரை சேரும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் காற்று. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. வெயில் காலத்தில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகி அதிக ஆக்சிஜனைக் கேட்கின்றன, அதே நேரத்தில் நீரில் அது குறைவாகவே இருக்கிறது. ஆகவே கோடையில் மூன்று முறையும் குளிர்ந்த நாட்களில் இரண்டு முறையும் கலக்குகிறேன். வலப்புறமாகத்தான் சுற்ற வேண்டும் என்பார்கள். நான் இரு புறமும் சுற்றிப் பார்த்தேன், வாசத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. சுழல் உண்டாகி மேற்பரப்பு உடைய வேண்டும், அதுதான் முக்கியம். கெட்டுப்போன அந்தக் கரைசலைச் செடிகளுக்குக் கொடுக்காமல் மக்குக் குழியில் ஊற்றி, மேலே சருகு போட்டு மூடிவிட்டேன்.

மூன்று மாதங்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றிய பின்பும் கத்தரியில் பெரிய மாற்றம் எதையும் காணாததால், உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அந்தக் கணக்குதான். ஒரு கிலோ பசுஞ்சாணத்தில் பெரும்பகுதி தண்ணீர். தழைச்சத்து (நைட்ரஜன்) 4 கிராம் அளவில் இருக்கும். ஒரு லிட்டர் கோமியத்தில் 10 கிராம் என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 200 கிராம் பயறு மாவில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்றால் 40 கிராம் புரதம்; அதில் தழைச்சத்து 6 கிராமுக்குச் சற்று அதிகம். ஆக, 20 லிட்டர் கரைசல் முழுவதிலும் 20 கிராம் தழைச்சத்து இருக்கிறது. ஆறு மாதத்தில் பன்னிரண்டு முறை ஊற்றினாலும் பத்து சென்ட்டுக்கும் சேர்த்துக் கால் கிலோ தேறாது. கத்தரி போன்ற பயிருக்கு அதே பரப்பில் கிலோக்கணக்கில் தேவைப்படும்.

மறுபக்கம் மண்ணைப் பார்த்தால், பத்து சென்ட்டின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 85 டன் எடை இருக்கும். அதில் 1 விழுக்காடு மட்கு (மக்கிய அங்ககப் பொருள்) இருந்தாலே 850 கிலோ. மட்கில் தழைச்சத்து சுமார் 5 விழுக்காடு என்பதால் 40 கிலோவுக்கு மேல் அந்த மண்ணுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதிலிருந்து ஆண்டுக்கு 1 முதல் 3 விழுக்காடுதான் இயல்பாக விடுபடும். அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை. நான் ஊற்றும் 20 கிராமை உரமாக எண்ணிக்கொண்டிருந்த வரையில் ஏமாற்றம் தவிர வேறெதுவும் கிடைத்திருக்க வழியில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கரைசலின் வேலை, மண்ணில் உள்ள உயிர்களுக்குச் சிறிது நேரத்துக்கு எளிதில் செரிக்கும் தீனி கொடுத்து, அவை மட்கைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுவது. சிதைப்பதற்குப் பொருளே இல்லாத மண்ணில் அது என்ன செய்யும்? போதாக்குறைக்கு, வெல்லத்தைப் போன்ற எளிய சர்க்கரை கிடைத்த உற்சாகத்தில் நுண்ணுயிர்கள் இருக்கும் கொஞ்ச மட்கையும் சேர்த்துக் கரைத்துவிடவும் கூடும்.

இதைச் சரிபார்க்க நான்கடி அகலமும் பத்தடி நீளமும் கொண்ட நான்கு பாத்திகளில் ஒரே நாளில் கத்தரி நாற்று நட்டேன். முதல் பாத்திக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு ஜீவாமிர்தம் மட்டும். மூன்றாவதற்கு நான்கு விரற்கடை உயரத்துக்கு வைக்கோலும் சருகும் கலந்த மூடாக்கு மட்டும். நான்காவதற்கு மூடாக்கும் ஜீவாமிர்தமும். நான்கிலும் நட்ட நாளில் ஒரே அளவு தொழுவுரம் இட்டேன். முதல் இரண்டு பாத்திகளுக்கும் இடையே கடைசி வரை எனக்கு வேறுபாடு தெரியவில்லை. பெயரட்டை இல்லாமல் காட்டியிருந்தால் எது எதுவென்று நானே சொல்லியிருக்க மாட்டேன். மூன்றாவது பாத்தி முதல் மாதத்திலேயே இரண்டையும் முந்தியது. நான்காவது பாத்தி ஒரு மாதம் வரை மூன்றாவதைப் போலவே இருந்து, அதன் பிறகு இலை அகலத்திலும் காய்ப்பிலும் மெல்லப் பிரிந்து மேலேறியது. வேறுபாடு இலையைவிட மூடாக்கில்தான் தெளிவாகத் தெரிந்தது: மூன்றாவதில் வைக்கோலைக் கையில் எடுத்தால் இழையிழையாக இருந்தது, நான்காவதில் அடிப்பகுதி கறுத்து, பிசைந்தால் விரலில் ஒட்டியது, வெள்ளைப் பூஞ்சண இழைகள் வைக்கோலையும் மண்ணையும் சேர்த்துத் தைத்தாற்போல் ஓடியிருந்தன. ஓரடிக்கு ஓரடி தோண்டிப் பார்த்ததில் இரண்டாவது பாத்தியில் 1 மண்புழு, மூன்றாவதில் 6, நான்காவதில் 9. ஒரே ஒரு முறை, ஒரே ஒரு குழியில் எண்ணியது என்பதால் இந்த எண்ணிக்கைக்கு அதற்கு மேல் பெறுமானம் தர மாட்டேன். பெரிய பங்கு மூடாக்கினுடையது, கரைசல் அதற்குத் துணை என்று மட்டும் தைரியமாகச் சொல்ல முடியும்.

இதற்கு நடுவே ஒரு பேராசையும் நடந்தது. நுண்ணுயிருக்கு வெல்லம்தானே தீனி, இரட்டிப்பாகப் போட்டால் என்ன என்று 400 கிராம் போட்டு, அளவான நீர் கலக்காமல், இளம் மிளகாய் நாற்றுகளின் வேரடியில் அடர்த்தியாக ஊற்றினேன். நாலாம் நாளில் நாற்றுகளின் கீழ் இலைகள் வெளிறின. ஒரு வாரம் வரை வளர்ச்சியே நின்றாற்போல் இருந்து, பிறகு தானாகத் தெளிந்தன. சர்க்கரையில் கரிமம் உண்டு, தழைச்சத்து கிடையாது. நுண்ணுயிர்கள் பெருகுவதற்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்வதால் செடிக்குத் தற்காலிகப் பஞ்சம் வந்துவிடுகிறது. அவை மடிந்த பின்புதான் அது செடிக்குத் திரும்பக் கிடைக்கும். வெளிறிய செடியைப் பார்த்துப் பதறி இன்னொரு முறை கரைசலை ஊற்றியிருந்தால் நிலைமை மேலும் மோசமாகியிருக்கும்.

மீன் அமிலத்துக்கு வருகிறேன். கொரியாவின் சோ ஹான் கியூ வகுத்த இயற்கை வேளாண் முறையிலிருந்து வந்தது இது. மீன் கழிவும் வெல்லமும் சம எடை, தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. சிக்கனம் பார்த்து முதல்முறை 2 கிலோ மீன் கழிவுக்கு 1 கிலோ வெல்லம் மட்டும் சேர்த்து, பிளாஸ்டிக் கேனில் கழுத்து வரை அடைத்து, மூடியை இறுகத் திருகி வைத்துவிட்டேன். ஆறாம் நாள் போய்ப் பார்த்தபோது கேன் சாய்ந்து கிடந்தது. பூனை வேலை என்று நினைத்து நிமிர்த்தி வைத்தால் நிற்காமல் ஆடியது; உள்ளே சேர்ந்த வாயுவினால் அடிப்பாகம் வெளிப்புறமாக உப்பி, தஞ்சாவூர்ப் பொம்மை போல் உருண்டையாகிவிட்டிருந்தது. மூடியை அரைத் திருகு தளர்த்தியதும் சீறிக்கொண்டு வெளியேறிய வாடையைப் பற்றி எழுதுவதால் யாருக்கும் பயன் இல்லை. கண்ணாடி ஜாடியாக இருந்திருந்தால் வெடித்திருக்கும். ஆகவே கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

அழுகுவதற்கும் நொதிப்பதற்கும் உள்ள எல்லையை வெல்லம்தான் வகுக்கிறது. சம எடை வெல்லம் சேரும்போது அது மீனின் நீரை வெளியே இழுத்து, அழுக வைக்கும் பாக்டீரியாக்களுக்குத் தாக்குப்பிடிக்க முடியாத அடர்த்தியை உண்டாக்குகிறது. கூடவே புளிப்பை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அமிலத்தைக் கூட்டுகின்றன. சதையைக் கரைப்பது பெரும்பாலும் மீனின் குடலிலேயே உள்ள செரிமான நொதிகள். அதனால் குடலைக் கழுவிக் கொட்டிவிட்டுச் சுத்தமான சதையை மட்டும் போடுவது வீண் வேலை. செதில், தலை, குடல் எல்லாம் சேர்ந்தால்தான் விரைவில் கரையும். கடல்மீன் கழிவென்றால் ஒட்டியிருக்கும் உப்புநீர் போக ஒருமுறை அலசிவிட வேண்டும். கருவாட்டுக் கழிவை நான் தொடுவதில்லை, அதில் உப்பு மிகுதி.

இரண்டாம்முறை 2 கிலோ கழிவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, 2 கிலோ தூள் வெல்லத்துடன் அடுக்கடுக்காகப் போட்டு, கேனில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டு, மேலடுக்காக ஒரு விரற்கடைக்கு வெல்லத்தையே பரப்பி மூடினேன். கேனின் வாயில் துணி கட்டி, அதன்மேல் மூடியைத் திருகாமல் வெறுமனே கவிழ்த்து வைத்ததால் வாயு வெளியேற வழி கிடைத்தது, ஈ நுழையவில்லை. நான்காம் நாளில் துண்டுகள் தேன் நிறத் திரவத்தில் மிதந்தன. மூன்றாவது வாரத்தில் மீன் வாடை அடங்கி, மிகப் பழுத்த பலாவின் நெடி முன்னால் வந்தது. புளிப்பை அளக்கும் பி.எச். தாளை நனைத்துப் பார்த்ததில் 4-க்கும் 5-க்கும் இடைப்பட்ட நிறம் காட்டியது. 40-ஆம் நாள் வடிகட்டியபோது 2 லிட்டருக்குச் சற்று மேல் கிடைத்தது. முள்ளும் செதிலும் கொஞ்சம் மீந்தன. அவற்றோடு மறுபடியும் வெல்லம் சேர்த்து அடுத்த கேனுக்குத் தொடக்கமாக வைத்துக்கொண்டேன்.

தெளிக்கும் அளவைப் பொறுத்தவரை, கொரிய முறையில் ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 1 மில்லி என்பார்கள். நம் பக்கத்தில் 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி என்று சொல்வது வழக்கம். நான் பத்து மடங்கு வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் 100 மில்லியையே இளங்கத்தரி நாற்றுக்கு, அதுவும் முற்பகல் வெயிலில் அடித்தேன். மறுநாள் இலை விளிம்பெல்லாம் காகிதம் தீய்ந்தாற்போல் பழுப்பேறிச் சுருண்டது. இப்போது நாற்றுக்கு 10 லிட்டருக்கு 20 மில்லி, வேரூன்றிய செடிக்கு 50 மில்லி, அதுவும் வெயில் தாழ்ந்த பின்புதான். 50 மில்லியில் தழைச்சத்து அரை கிராம் அளவுக்குத்தான் இருக்கும் என்றாலும், ஒரு வரிசையில் பாதியை மட்டும் அடித்துப் பார்த்தபோது நான்கைந்து நாளில் அந்தப் பாதியின் நிறம் கூடித்தான் இருந்தது. தழைச்சத்துப் பஞ்சத்தில் வெளிறியிருந்த வரிசை அது. ஏற்கெனவே பச்சையாக இருந்த நான்காவது பாத்தியில் அதே அளவு அடித்தும் எதுவும் தெரியவில்லை. வேரடியில் ஊற்றுவதாக இருந்தால் நாய்களையும் பெருச்சாளிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஊற்றிய இரவே மூன்று தக்காளிச் செடிகளை எதுவோ தோண்டி வெளியே போட்டிருந்தது.

வடிகட்டலில் நேரம் செலவழிக்காதவர் அந்த நேரத்தைத் தெளிப்பானின் நாசில் அடைப்பைக் குத்தியெடுப்பதில் செலவழிப்பார். ஜீவாமிர்தத்தை ஓரிரவு அசையாமல் தெளியவிட்டு, மேல் திரவத்தை மட்டும் இரண்டு மடிப்பு நைலான் துணியில் ஊற்றினால் கைத்தெளிப்பானுக்குப் போதும். சொட்டுநீர்க் குழாயில் விட வேண்டுமானால் 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்ணி) வடிகட்டியும் வேண்டும், விட்டு முடித்தவுடன் கால் மணி நேரம் வெறும் தண்ணீரும் ஓட வேண்டும். தண்ணீர் ஓடாத வாரத்தில் துளைகளுக்குள் கொழகொழவென்று சளி போல் படர்ந்து அடைத்துக்கொண்டது. அதைக் குண்டூசியால் குத்தியெடுக்க ஒரு நாள் போயிற்று. அடியில் தங்கும் மண்டியை மூடாக்கின்மேல் கொட்டிவிடுகிறேன், அங்கேதான் அதற்கு வேலை இருக்கிறது.

கீரைக்கு மட்டும் நான் சாணக் கரைசலைத் தெளிப்பதில்லை. மூன்று நாள் நொதித்த கரைசல் மக்கிய உரம் ஆகாது. பசுஞ்சாணத்தில் உள்ள குடல் கிருமிகள் அதில் உயிரோடிருக்க வாய்ப்புண்டு. அமெரிக்க அங்கக வேளாண் விதிகளில் மக்காத சாணத்துக்கும் அறுவடைக்கும் இடையே, மண்ணைத் தொடும் விளைபொருளென்றால் 120 நாள், மற்றவற்றுக்கு 90 நாள் இடைவெளி கேட்கிறார்கள். 25 நாளில் அறுக்கும் கீரையில் அதற்கு வழியே இல்லை. ஆகவே கீரைப் பாத்திக்கு நன்றாக மக்கிய உரம் மட்டும்; காய்கறிச் செடிகளுக்கு ஜீவாமிர்தத்தைப் பத்து மடங்கு நீர் கலந்து வேரடியில்; காய்ப்பு தொடங்கிய பின் இலைமேல் எதுவும் இல்லை. பச்சையாகக் கடித்துத் தின்னும் வெள்ளரிக்கும் இதே கட்டுப்பாடுதான்.

சாணம் வரும் இடம் மாறினால் ஒரு சோதனை செய்துகொள்கிறேன். சில களைக்கொல்லிகள், குறிப்பாக அமினோபைரலிட் வகையைச் சேர்ந்தவை, தெளித்த புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்திலும் சிதையாமல் வந்துவிடும்; பயறு, தக்காளி, கத்தரி போன்ற அகன்ற இலைப் பயிர்கள் மிகக் குறைந்த அளவிலேயே அதற்குப் பாதிக்கப்படும். புதிய சாணத்தை மண்ணோடு கலந்து ஒரு தொட்டியிலும், சாணம் இல்லாத மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, இரண்டிலும் தட்டைப்பயறு ஊன்றி, மூன்று ஜோடி இலை விடும் வரை பொறுத்துப் பார்க்கிறேன். இலை கிண்ணம் போல் குவிந்து, குருத்து முறுக்கிக்கொண்டால் அந்தச் சாணம் தோட்டத்துக்குள் வராது. சென்ற வாரம் ஊன்றிய தொட்டிகள் திண்ணையில் இருக்கின்றன. இரண்டிலும் முதல் ஜோடி இலை தட்டையாகத்தான் விரிந்திருக்கிறது. இன்னும் இரண்டு ஜோடி வர வேண்டும், அதுவரை டிரம் காலியாகத்தான் இருக்கும்.